அசும்தா மிலான் காட்டிய வியாழக்கிழமை

ஹில்டாவும் டொரினும் மிலானுக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்த அன்றே அசும்தா கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து வழி எழுதத் தொடங்கினாள். ஸ்டேஷனில் எந்த வாசலில் நிற்பது, மெட்ரோவில் எத்தனையாவது நிறுத்தத்தில் இறங்குவது, பெரிய கோவிலில் இருந்து கோட்டைக்கு எந்தத் தெரு, கோட்டையில் இருந்து திரும்பிவர எந்த ட்ராம், எல்லாவற்றையும் சிங்களத்தில் நுணுக்கி எழுதினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அந்தத் தாளை வைத்துக்கொண்டு தனியாக நடந்தும் பார்த்தாள். இருபத்துமூன்று வருடமாக அந்த நகரத்தில் இருப்பவள் அவள்.

மூன்று பேரும் இலங்கையின் மேற்குக் கரையில், வென்னப்புவையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஹில்டா ஒரு மீன்பிடிப் படகுக்காரனைக் கட்டினாள். டொரின் ஆசிரியை ஆனாள், கலியாணம் கட்டவில்லை. அசும்தா முப்பத்தெட்டு வயதில், ஏழு வயது மகன் ஜெரோமை அவன் தகப்பனிடம் விட்டுவிட்டு இத்தாலிக்கு வந்தாள். வென்னப்புவையில் வீட்டுக்கு ஒருவர் இத்தாலியில் இருந்தபடியால் அதை யாரும் பெரிய விஷயமாகக் கதைக்கவில்லை. வந்த இடத்தில் அவளுடைய பெயரே அவளுக்கு உதவியது. "அசூந்தா! எங்கட பெயர்தானே" என்று சொல்லித்தான் முதல் வீட்டுக்காரி கதவைத் திறந்தாள்.

அன்றில் இருந்து அவளுக்கு வயதானவர்களைப் பார்க்கிற வேலைதான். ஒருவர் இறக்க, இன்னொருவர் வீடு. அவள் பார்த்தவர்களில் மூன்று பேருக்கு மறதி நோய். முதல் கிழவி பாண் துண்டுகளைச் சப்பாத்துக்குள் ஒளித்து வைப்பாள். இரண்டாவது ஆள் ஓய்வுபெற்ற நீதவான், அசும்தாவைத் தன் தாய் என்று நினைத்து மடியில் தலை வைத்து அழுவார். மூன்றாவது கிழவி தண்ணீரைக் கண்டால் கத்துவாள், கடைசியில் விழுங்குவதையும் மறந்துபோனாள். அதனால் அந்த நோய் எந்த வாசலால் வந்து எந்தெந்த அறைக்குப் போகும் என்று அசும்தாவுக்கு எந்த டொக்டரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் சொற்கள் போகும். பிறகு வழி போகும். பிறகு ஆட்கள்.

அந்த வருடம் தை மாதம் அவளுக்குத் தலையணை உறைக்கு என்ன பெயர் என்று மறந்தது. இத்தாலிய மொழியிலும் வரவில்லை, சிங்களத்திலும் வரவில்லை. சித்திரையில் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்து, வேறொரு மாடியில் யாருடையதோ கதவைத் தன் திறப்பால் திறக்க வெகுநேரம் முயன்றுகொண்டு நின்றாள். உள்ளே இருந்தவன் கதவைத் திறந்து கத்தியபோதுதான் விளங்கியது. அன்று பின்னேரம் குசினியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று, "வந்திட்டுது" என்று தனக்குத்தானே சொன்னாள். அறுபத்தொரு வயது. பென்ஷன் கிடைக்க இன்னும் ஆறு வருடம் இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

அப்போது அவள் இருந்தது சின்யோரா பியெரீனாவின் வீட்டில்; மரியாதைக்குரிய பெண்களை அங்கே 'சின்யோரா' என்றுதான் கூப்பிடுவார்கள். சின்யோராவுக்குத் தொண்ணூற்றொரு வயது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யாது, நாலு வருடமாகக் கட்டில்தான். ஆனால் மூளை கத்தி மாதிரி. இளமையில் காற்சட்டை தைத்து, தைத்ததைச் சைக்கிளில் வைத்து நகரம் முழுக்கக் கொண்டுபோய்க் கொடுத்தவள். ஊரில் இருந்து சிநேகிதிகள் வருகிறார்கள், வியாழக்கிழமை முழுநாளும் வேண்டும் என்று கேட்டபோது, சின்யோரா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"போய்வா. மத்தியானம் மகள் எலெனா வந்து சாப்பாடு தருவாள். பிறகு நான் தனிய இருப்பன். டெலிபோனை என்ர கைக்குக் கிட்ட வைச்சிட்டுப் போ."

ஹில்டாவும் டொரினும் யாத்திரைக் கூட்டத்தோடு வந்திருந்தார்கள். ரோமாபுரி முடிந்தது. அடுத்தது பதுவாவில் அந்தோனியார் கோவில். நடுவில் மிலானில் ஒரேயொரு நாள் ஓய்வு. பின்னேரம் ஆறு மணிக்கு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்து பஸ் வெளிக்கிடும்.

காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷன் வாசலில் ஹில்டா தூரத்திலேயே கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அடியே சும்மி! இத்தாலிக்காரி மாதிரி ஆயிட்டியே! கோட் என்ன, சால்வை என்ன! ஊருக்கு வந்தா எங்களைக் கண்டும் காணாத மாதிரிப் போவாய் போல."

"நீ மட்டும் மாறவே இல்லை" என்றாள் அசும்தா.

"மாறினன்டி. ரெண்டு சுற்றுக் கூடியிருக்கிறன். நீ மரியாதைக்குச் சொல்லாமல் விடுறாய்."

டொரின் சிரித்தபடி அவளைக் கட்டிப்பிடித்தாள். கைப்பையில் இருந்து ஒரு பொதியை எடுத்தாள். ஊரில் இருந்து சுற்றிக்கொண்டு வந்த புளியிட்ட மீன். ரோமாபுரி முழுக்க அதன் மணம் தங்களுக்குப் பின்னாலேயே வந்தது என்றும், ஹோட்டல்காரன் இரண்டு தரம் அறையைச் சோதித்தான் என்றும் ஹில்டா சொன்னாள்.

காலை நன்றாகவே போனது. நாலாவது நிறுத்தத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்ததும், வெள்ளைக் கல்லில் முள்முள்ளாக எழுந்து நின்ற பெரிய கோவிலைக் கண்டு டொரின் சிலுவை போட்டுக்கொண்டாள். ஹில்டா கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுக்கு ஆர்டி தூசு தட்டுறது?" என்று கேட்டாள். பக்கத்துக் கண்ணாடிக் கூரைக் கடைத்தெருவில், தரையில் பதித்த எருதின் விதைமேல் குதிக்காலை வைத்து மூன்று தரம் சுற்றினால் நல்லது நடக்கும் என்று சனம் வரிசையில் நின்றது.

"பாவம்டி, மிதிச்சு மிதிச்சு அந்த இடத்தில குழியே விழுந்திட்டுது" என்றாள் ஹில்டா. "பார்க்க என்ர மனுசன்ர நினைப்புத்தான் வருது."

மூவரும் சிரித்த சிரிப்பில் பொலிஸ்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்தான். அசும்தா கோட்டுப் பைக்குள் இருந்த தாளை விரலால் தொட்டுக்கொண்டாள். அது அங்கேதான் இருந்தது.

மத்தியானம் மஞ்சள் சோறு வாங்கிக் கொடுத்தாள். ஹில்டா அதைப் பொங்கல் என்றாள். புளியிட்ட மீனை மேசைக்குக் கீழே பிரித்து, ஆளுக்கொரு துண்டு களவாகப் போட்டுச் சாப்பிட்டார்கள். கோட்டைக்குப் போனார்கள், அகழியைச் சுற்றி நடந்தார்கள், படம் எடுத்தார்கள். "நீ இவ்வளவு இடமும் தெரிஞ்சு வைச்சிருக்கிறியே" என்று டொரின் சொன்னாள். அசும்தாவுக்குத் தெரிந்த மிலான் அது இல்லை. எந்த மருந்துக்கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த மாடியில் எலும்பு, எந்த மாடியில் கண், எந்தச் சவக்காலையில் யாரை வைத்திருக்கிறார்கள், அதுதான் அவளுடைய மிலான்.

மூன்றரைக்கு ட்ராமில் ஏறினார்கள். தாளின் கடைசி வரி அதுதான்: ஒன்றாம் இலக்கம், ஸ்டேஷன் பக்கம் போவது, கோடுபோட்ட கூரைக் கடைக்கு முன்னால் இறங்கு. ஐந்து நிமிடம் போக, ஒலிபெருக்கியில் ட்ராம்காரன் ஏதோ சொன்னான். சனத்தில் பாதி முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. அசும்தாவுக்குச் சொற்கள் கேட்டன, பொருள் பிடிபடவில்லை. பாதை வேலை நடக்கிறபடியால் வேறு வழியால் போகிறோம் என்றுதான் அவன் சொல்லியிருக்கிறான். ட்ராம் திரும்பக்கூடாத இடத்தில் திரும்பியது. அவள் கோடுபோட்ட கூரைக்காகக் காத்திருந்தாள். கூரை வரவேயில்லை. கடைசியில் ட்ராம் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், அவர்களும் இறங்கினார்கள்.

உயரமான பழைய வீடுகள், சுவரெல்லாம் கிறுக்கல், இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்த கார்கள். அசும்தா தாளை எடுத்துப் பார்த்தாள். அதில் இந்த இடம் இல்லை.

"இந்தப் பக்கம்" என்றாள்.

நடந்தார்கள். ஒரு சந்தி, ஒரு பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை, ஒரு வளைவு, ஒரு சந்தி. கால் மணித்தியாலத்தில் மறுபடியும் மருந்துக்கடை.

"சும்மி, இது முதலும் பார்த்த கடையெல்லே?"

"மிலான்ல எல்லா மருந்துக்கடைக்கும் பச்சைச் சிலுவைதான்."

ஹில்டாவின் கால் வீங்கிவிட்டது. செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. மூன்றாம் தரம் அதே கடைக்கு முன்னால் வந்தபோது, வாசலில் கட்டியிருந்த மண்ணிற நாயைக் காட்டி, "எல்லா மருந்துக்கடைக்கும் நாயும் ஒண்டுதானோ?" என்று கேட்டாள். இந்தமுறை அவளுடைய குரலில் பகிடி இல்லை. "இருபத்துமூண்டு வருஷம் இருக்கிறாய்! ஸ்டேஷன் எங்க எண்டு தெரியாதா? எங்களைப் பார்த்தா விசரிகள் மாதிரி இருக்குதா? பஸ் போயிட்டா பதுவாவுக்கு நீயா தூக்கிக்கொண்டு போவாய்?"

அசும்தா அவளைப் பார்த்தாள். கோபமாக ஒரு வயதான பெண், கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது. என்ன செய்யவேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. ஹில்டாவின் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கி, மற்றக் கையை முதுகில் வைத்து, இத்தாலிய மொழியில், "மெல்ல, சின்யோரா, மெல்ல. ஒரு காலை வையுங்கோ. இப்ப மற்றக் கால்" என்றாள்.

ஹில்டா கையை உதறினாள். "எனக்கு என்னத்துக்கடி உன்ர இத்தாலி?"

டொரின் அசும்தாவின் விரல்களில் இருந்து தாளை மெதுவாக உருவினாள். வழியைப் பார்க்கலாம் என்றுதான் எடுத்தாள். முதல் வரியிலேயே நின்றுவிட்டாள். 'டொரின்: உயரம், கண்ணாடி, ஆசிரியை. ஹில்டா: குண்டு, பகிடி சொல்வாள். இரண்டு பேரும் என் சிநேகிதிகள்.'

டொரின் அந்தத் தாளை இரண்டாக மடித்தாள். ஹில்டா எட்டிப் பார்க்க, "உனக்கு விளங்காது, வழிதான் எழுதியிருக்கு" என்று சொல்லித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சும்மி, ஆரையாவது டெலிபோனில கேட்பமா?" என்று மட்டும் கேட்டாள்.

அசும்தாவின் டெலிபோனில் பச்சைப் பொத்தானை அமத்தினால் முதலில் வருவது சின்யோராவின் இலக்கம்தான். முதல் மணியிலேயே சின்யோரா எடுத்தாள்.

"சொல்லு அசூந்தா. எங்க நிற்கிறாய்?"

"தெரியேல்ல, சின்யோரா."

"சரி. அழாத. முன்னால என்ன தெரியுது எண்டு சொல்லு."

"மருந்துக்கடை. நாய்."

"நாயை விடு. கோவில் ஏதும்?"

வீட்டுக் கூரைகளுக்கு மேலாக ஒரு மணிக்கூண்டு தெரிந்தது. செங்கல்லா, கல்லா, எத்தனை யன்னல் என்று சின்யோரா கேட்டுக் கேட்டு, அதை நோக்கி நடக்கச் சொன்னாள். நடந்தார்கள். படியிறங்கிப் போகிற மாதிரிப் பள்ளத்தில் ஒரு பழைய கோவில் வந்தது.

"அது நீரூற்று மாதா கோவில். எனக்கு ஞானஸ்நானம் தந்த இடம்" என்றாள் சின்யோரா. "இப்ப கோவிலுக்கு முதுகைக் காட்டி நில். இடது கைப் பக்கம் மூலையில பேக்கரி இருக்கோணும்."

"இல்லை, சின்யோரா. டெலிபோன் திருத்துற கடை."

"ரொசெட்டி செத்துப்போயிட்டான் போல. பரவாயில்லை, அந்த மூலைதான். அதால திரும்பு. வலது பக்கம் பால்காரன்."

"இல்லை. நகம் வெட்டுற கடை."

"பாலுக்குப் பதிலா நகமா! சரி, நேர நட."

தொண்ணூற்றொரு வயதில் நடமாட்டம் இல்லாத பெண் கட்டிலில் கிடந்தபடி, செத்துப்போன கடைக்காரர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி, மூன்று பேரையும் தெருத்தெருவாகக் கூட்டிக்கொண்டு போனாள். அசும்தா அவள் சொன்னதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் ஹில்டா நொண்டினாள். பெரிய வீதி வந்தது, மஞ்சள் பாதை மெட்ரோவின் படிகள் வந்தன. "இறங்கு. ரெண்டாவது நிறுத்தம். கதவு திறந்ததும் இறங்கு, யோசிக்காத" என்றாள் சின்யோரா. படிக்குக் கீழே போனதும் தொடர்பு அறுந்தது.

ஸ்டேஷனுக்கு வந்தபோது ஐந்தரை. பஸ் நின்றது. ஹில்டா ஏறி இருக்கையில் விழுந்து செருப்பைக் கழற்றினாள். டொரின் அசும்தாவை ஒரு தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"எவ்வளவு காலமா?"

அசும்தா மறைக்கவில்லை. "தையில இருந்து எண்டு நினைக்கிறன். அதுக்கு முந்தியும் இருந்திருக்கும்."

"ஜெரோமுக்குத் தெரியுமா?"

"வேண்டாம். அவனுக்குச் சொல்லாத."

"அப்ப ஊருக்கு வா. நான் தனியத்தானே இருக்கிறன். என்னோட இரு."

அசும்தா சிநேகிதியின் கோட்டுப் பொத்தான் ஒன்று திறந்திருப்பதைக் கண்டு அதைப் பூட்டிவிட்டாள். "இண்டைக்கு ஒருநாள் பார்த்திட்டுச் சொல்றாய் டொரின். நான் மூண்டு பேரைக் கடைசி மட்டும் பார்த்தனான். முதல் வருஷம் எல்லாருக்கும் பாவமா இருக்கும். ரெண்டாம் வருஷம் களைச்சுப்போவாய். மூண்டாம் வருஷம் நான் உனக்கு அடிப்பன். அந்த நீதவான் என்ர விரலை முறிச்சவர். நாலாம் வருஷம் நான் எப்ப சாவன் எண்டு பார்த்துக்கொண்டு இருப்பாய். பிறகு சுவாமியாரிட்ட அதுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவாய். எனக்குத் தெரியும், நானே போனனான்."

"நான் அப்படி இல்லை."

"எல்லாரும் அப்படித்தான்."

பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். யன்னலால் ஹில்டா கையை ஆட்டி, "சும்மி, கோபிக்காத, கால் நோவில கத்திப்போட்டன்! அடுத்தமுறை கார் பிடி!" என்று கத்தினாள். அசும்தாவும் கையை ஆட்டினாள். பஸ் போன பிறகு, வீட்டுக்கு வழக்கமாகப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று ஒரு பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

வீட்டில் சின்யோரா விழித்திருந்தாள். அசும்தா கோட்டைக் கழற்றாமலே கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"எனக்கு வெயில் காலத்திலேயே தெரியும்" என்றாள் சின்யோரா. "சூப்புக்கு மூண்டு தரம் உப்புப் போட்டாய். எலெனாவுக்குச் சொல்லேல்ல. சொன்னா உன்னை அனுப்பிப்போட்டு, என்னை ஒரு இல்லத்தில கொண்டுபோய்த் தள்ளுவாள். அதால உன்னில இரக்கம் எண்டு நினைச்சிடாத."

"நினைக்கேல்ல, சின்யோரா."

"உனக்குக் கால் இருக்கு. எனக்கு மூளை இருக்கு. போற வரைக்கும் போகட்டும்."

அப்படியே அந்தக் குளிர்காலம் போனது. கட்டிலில் இருந்து சின்யோரா, "காஸ்!" என்று கத்துவாள், அசும்தா ஓடிப்போய் நிறுத்துவாள். "நீல மாத்திரை தந்திட்டாய், வெள்ளை தரேல்ல" என்பாள். எலெனா வருகிற நேரங்களில் இருவரும் சேர்ந்து அந்தத் தவறுகளை மூடினார்கள். பங்குனி மாதம் இரண்டாம் கிழமை, காலைத் தேத்தண்ணியோடு அசும்தா உள்ளே போனபோது சின்யோராவின் உடம்பு குளிர்ந்திருந்தது. வழக்கம்போல் அவளைத் துடைத்து, உடுப்பு மாற்றி, தலை சீவினாள். ஆனால் எலெனாவுக்கு அறிவிக்க மறந்துவிட்டாள். மத்தியானம் எலெனா வந்தபோது, தாயின் தலைமாட்டில் ஆறிப்போன சூப் கோப்பை ஒன்றும், அதற்குள் கரண்டி ஒன்றும் இருந்தன.

அதன்பிறகு எந்த வீட்டிலும் அவளுக்கு ஒரு மாதத்துக்கு மேல் வேலை நிலைக்கவில்லை. கடைசி வீட்டுக்காரர் அவளை டொக்டரிடம் கூட்டிப்போய், டொக்டர் சொன்னதைக் கடிதமாக வாங்கிக் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். சொல்லாதே என்று அசும்தா கேட்டதை மீறி டொரின் ஜெரோமிடம் போனாள். அம்மா எப்போதும் மறதிக்காரிதான் என்றான் ஜெரோம். பிறகு, அவள் கொண்டுவந்த இத்தாலியக் கடிதத்தை ஒருவரைக் கொண்டு வாசிப்பித்தான். தாயைப் பற்றி அவனுக்கு இருந்தது பெரும்பாலும் டெலிபோன் குரல்தான். தகப்பன் இறந்துபோயிருந்தார்; ஊருக்கு வந்தவளை அவன்தான் ஆறு மாதம் வைத்துப் பார்த்தான். அதற்குள் அவன் மனைவி இரேஷாவுக்கு விசா வந்தது, வெரோனாவில் ஒரு கிழவரைப் பார்க்கிற வேலை. அவள் போய்விட்டாள். இரண்டு பிள்ளைகளையும் தாயையும் தனியே பார்க்க அவனால் முடியவில்லை. தன்னோடு வைத்திருக்க டொரின் கேட்டாள்தான். ஆனால் அந்த வருடம் அவளுக்கே இடுப்பெலும்பு உடைந்து, தடி ஊன்றி நடக்கவேண்டி வந்தது.

இப்போது அசும்தா சிலாபத்துக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஹில்டா ஒருமுறை வந்தாள், வாசலோடு திரும்பிவிட்டாள், பிறகு வரவில்லை. டொரின் சனிக்கிழமைகளில் வருகிறாள். சில சனிக்கிழமை அசும்தாவுக்கு அவளைத் தெரியும், பல சனிக்கிழமை தெரியாது.

வந்த புதிதில் அசும்தா விடிந்ததும் எழும்பிக் கட்டில் கட்டிலாகப் போனாள். கிழவிகளைத் திருப்பினாள், முதுகு துடைத்தாள், தலை பின்னினாள், நகம் வெட்டினாள். இத்தாலிய மொழியில் அவர்களோடு மெல்லிய குரலில் கதைத்தாள். அவர்களுக்கு விளங்கவில்லை, ஆனாலும் பிடித்திருந்தது. இவளால் தங்களுக்குப் பாதி வேலை குறைந்தது என்று டொரினிடம் இல்லத்துத் தலைவி மதர் சொன்னார். ஒருநாள் காலை, கண் தெரியாத ஒரு கிழவியை எழுப்பி, முழங்கையில் தாங்கி, "இப்ப மற்றக் கால், சின்யோரா" என்று சொல்லிச் சொல்லி மாடிப்படியின் விளிம்புவரை நடத்திக்கொண்டு போனாள். ஒரு சிஸ்டர் பாய்ந்து பிடித்தபடியால் கிழவி தப்பினாள். இனி யாரையும் தொடக்கூடாது என்று மதர் சொன்னார். பலமுறை சொல்லவேண்டியிருந்தது.

அவளுடைய கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு கிழவி இருக்கிறாள். காலையில் கட்டிய கொண்டை பத்து மணிக்கே அவிழ்ந்து முகத்தில் விழும், வாய்க்குள் மயிர் போகும். அசும்தாவின் வலது கை எழும்பும். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவள்போல் அதை இறக்குவாள். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் இருந்துகொண்டு, அந்தத் தலையைப் பார்த்தபடியே இருப்பாள், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை.